கொட்டகைப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுக் கூட்டத்துல தீர்மானம் எழுதிப் பழக்கம் உண்டு. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

குழுவால் கிடைத்த நன்மையைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. கறவை மாட்டுக் கடன், தையல் மிஷின் பற்றி மற்றவங்க பேசுவாங்க. நான் வேற ஒண்ணு பேசறேன். வீடு வாசல் இல்லாம, அப்பா அம்மா பின்னாடியே ஊர் ஊராகப் போகிற பிள்ளைகளோட படிப்பு பற்றி.

எங்க ஊர் கச்சிராயபாளையம் பக்கம். சர்க்கரை ஆலை அரவை ஆரம்பிச்சா கரும்பு வெட்ட வெளியூர் ஆட்கள் வருவாங்க. மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பாங்க. ஏரிக்கரை ஓரமா கரும்புச் சோகையைப் போட்டு கொட்டகை கட்டிக்குவாங்க. நாலு மாசத்துக்கு அதுதான் வீடு. அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டும், கொழுந்தாடை பொறுக்கிக்கிட்டும் திரியும். வருஷா வருஷம் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் நானும் இருந்தேன்.

அதைவிட மோசமா ஒண்ணு செய்தேன். அதை மறைக்காம சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி, பத்து வயசுப் பெண் ஒண்ணு தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு எங்க வாசலுக்கு வரும். வாசல் கூட்டச் சொல்லுவேன். மல்லாட்டை உரிக்கச் சொல்லுவேன். சாப்பாடு போட்டு இருபது ரூபாய் கொடுப்பேன். உதவி செய்யறதாத்தான் நினைச்சேன்.

ஒருநாள் என் மகள் திண்ணையில் தமிழ்ப் புத்தகம் விரிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தா. இவளும் அஞ்சாவது, அவளும் அஞ்சாவது. அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துட்டு, "இதுக்கு முந்தின பாடம் வரைக்கும் நான் படிச்சிருக்கேன்"னு சொன்னது. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அது படிப்பு எந்தப் பக்கத்துல நின்னுச்சுன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை.

என் தம்பி ஞாபகம் வந்துச்சு. எங்க அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போனப்போ என்னைப் பாட்டி நிறுத்திக்கிட்டாங்க. அதனால் பத்தாவது முடிச்சேன். தம்பியைச் சூளைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவன் நாலாவதோட சரி. இன்னைக்கும் பேங்க்ல கைநாட்டுதான் வைக்கிறான்.

அந்த வாரக் கூட்டத்துல விஷயத்தைச் சொன்னேன். "நாலு மாசத்துக்கு வந்தவங்க, நமக்கு எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டாங்க. கடைசியில மூணு பேர் என்கூட வந்தாங்க. ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டோம். டி.சி. எங்கேன்னாங்க. ஆதார் எங்கேன்னாங்க. வீட்டு முகவரி கேட்டாங்க. சோகைக் கொட்டகைக்கு ஏது கதவு எண்? திரும்பி வந்துட்டோம்.

பிறகு வட்டார வள மையத்துல கேட்டோம். அங்கே இருந்த ஆசிரியர் பயிற்றுநர் சட்டத்தை எடுத்துச் சொன்னார். எல்லாரும் தெரிஞ்சுக்கணும், அதனால சொல்றேன். 2009-ஆம் வருஷத்து கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 வயசிலிருந்து 14 வயசு வரை உள்ள எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு. வயசுச் சான்று இல்லைன்னு சேர்க்க மறுக்கக் கூடாது. பாதி வருஷம் முடிஞ்சு போச்சுன்னும் மறுக்கக் கூடாது. டி.சி. வர லேட்டானாலும் பிள்ளையை உட்கார வைக்கணும். படிப்பு நின்னு போயிருந்தா வயசுக்கேத்த வகுப்புல சேர்த்து, விட்டதைச் சொல்லிக் கொடுக்கணும்.

அவரும் கூட வந்தார். பிள்ளையைச் சேர்த்துட்டோம். ஆனா அவங்க அம்மா, "சின்னவனை யார் பார்க்கிறது?"ன்னு அழுதாங்க. அது நியாயமான கேள்வி. தம்பிக்கு மூணு வயசு. அங்கன்வாடியில விட்டோம். அதுக்கப்புறம்தான் அந்தப் பெண் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போச்சு.

நல்லா முடிஞ்சதுன்னு நினைச்சோம். முழுப் பரீட்சைக்கு முன்னாடி ஒரு காலையில போய்ப் பார்த்தா கொட்டகை காலி. ராத்திரியே மேஸ்திரி வேற ஊருக்கு லாரியில ஏத்திட்டுப் போயிட்டாராம். எங்ககிட்ட போன் நம்பரும் இல்லை, அவங்க சொந்த ஊர்ப் பள்ளிப் பேரும் இல்லை. சந்தாவுக்கும் கடனுக்கும் நோட்டு போட்ட நாங்க, இந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதி வைக்கலை. அந்தப் பிள்ளை இப்போ எங்கே இருக்குன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் தனி நோட்டு போட்டோம். பிள்ளை பேர், அம்மா போன் நம்பர், மேஸ்திரி நம்பர், சொந்த ஊர்ப் பள்ளி, எமிஸ் நம்பர். எமிஸ் நம்பர் இருந்தா தமிழ்நாட்டுக்குள்ள எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் பிள்ளையோட பதிவைத் தேடி எடுக்கலாம். அந்த வருஷம் நாலு பிள்ளைகள் சேர்ந்தாங்க. கிளம்பும்போது ஊர்ப் பள்ளிக்கு நாங்களே போன் பண்ணிச் சொன்னோம். மூணு பேர் படிக்கிறாங்க. ஒருத்தன் அப்பாகூட வேலைக்குப் போயிட்டான்.

மலையிலிருந்து வந்த அக்காங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அங்கே கதை தலைகீழ். பெத்தவங்க கேரளா, கர்நாடகான்னு தோட்ட வேலைக்குப் போறாங்க. வெள்ளிமலை பக்கம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கு, ஏகலைவா பள்ளி இருக்கு. படிப்பு நின்ன பெண் பிள்ளைகளுக்கு கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள் இருக்கு. தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே. ஆனா பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை, அப்பா அம்மாகூடவே கிளம்பிடுது. லீவு முடிஞ்ச வாரம் எந்தப் பிள்ளை திரும்பலைன்னு உங்க குழு ஒரு தரம் பாருங்க.

2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச் சாராயத்தால 60 பேருக்கு மேல செத்தப்போ நாடே நம்ம ஊரைப் பார்த்தது. அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயசு வரைக்கும் மாசம் 5,000 ரூபாயும், படிப்புச் செலவும் அரசு அறிவிச்சது. அது வேணும். ஏரிக்கரைக் கொட்டகையில இருக்கிற பிள்ளைக்கு அப்படி யாரும் வந்து பார்க்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கிற நாமதான் பார்க்கணும்.

நம்மால முடியும். 2022-ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்துல நம்ம குழுப் பெண்கள்தானே சமைக்கிறோம். எந்தப் பிள்ளை தட்டு எடுக்க வரலைன்னு முதல்ல தெரியறது நமக்குத்தான். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்"னு பெரியவங்க சொன்னாங்க.

அதனால கூட்டமைப்பு முன்னால ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படி ஒரு நோட்டு போடணும். கரும்பு வெட்டுக்கும் சூளைக்கும் ஆள் வந்த முதல் வாரத்திலேயே ரெண்டு பேர் போய்ப் பிள்ளைகளை எழுதிக்கிட்டு வரணும். பள்ளிக்கூடத்துக்குப் பெத்தவங்களோட நாமும் போகணும். பிள்ளையை வேலைக்கோ கல்யாணத்துக்கோ இழுக்கிறது தெரிஞ்சா 1098-க்குப் போன் பண்ணணும். செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான். இதைத் தீர்மானமா எழுதினா முதல் கையெழுத்து நான் போடறேன்.