விழக் கற்றல்



என் மகளுக்குச் சிலம்பமே கற்பிக்க விரும்பினேன், நம் கலையன்றோ? இக்கரக்பூரில் எனக்கு ஆசான் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகள் காத்திருந்தேன். ஒருநாள் விளையாட்டில் எவனோ தள்ளிவிட, கையை ஊன்றி விழுந்து எலும்பு முறிந்து வந்தாள்.

அதன் பின்னரே ஜூடோவில் சேர்த்தேன். ஜப்பானியரான ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டில் தோற்றுவித்த அக்கலையில், பிறரை வீழ்த்துமுன் தாம் விழுவதையே கற்பிக்கின்றனர். மோவாயை மார்போடு சேர்த்து, கையை ஊன்றாமல் தரையில் அறைந்து, தலை படாமல் விழ வேண்டும்.

பெற்றோர்களே, கலையின் பெயரில் மயங்காதீர்கள். ஒருநாள் பயிற்சியைச் சென்று பாருங்கள். கீழே மெத்தை உண்டா? எடைக்கேற்ப இணை சேர்க்கிறார்களா? அழும் குழந்தையை ஆசிரியர் என்ன செய்கிறார்?

ஊரிலிருந்து கொணர்ந்த சிலம்பக் கழி இன்னும் என் வீட்டு மூலையில் நிற்கிறது. ஆசான் எவரேனும் மாற்றலாகி இங்கு வந்தால், அன்புகூர்ந்து எனக்குச் சொல்லுங்கள்.