மாலரி என்றொரு கைதி

ஆர்தர் மன்னரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லில் செருகிய வாளை உருவிய சிறுவன், வட்ட மேஜையைச் சுற்றி அமர்ந்த வீரர்கள், லான்சலாட், அரசி குவினிவர்! இந்தக் கதைகளையெல்லாம் திரட்டி ஆங்கில உரைநடையில் ஒரு பெருநூலாகத் தந்தவர் தாமஸ் மாலரி. வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்திருந்த வில்லியம் காக்ஸ்டன் 1485 ஜூலை 31 அன்று அதை அச்சிட்டு முடித்தார். அந்த மாலரி யார்? இங்கிலாந்தின் ஆவணங்களைப் புரட்டினால் பதினைந்தாம் நூற்றாண்டில் மாலரி என்ற குடும்பப் பெயர் பல மாவட்டங்களில் வருகிறது. தாமஸ் மாலரிகளே பலர். எழுத்துக்கூட்டும் ஆளுக்கு ஆள், ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. பெயர் ஒத்துப்போகிறது என்பதை வைத்து மட்டும் ஒருவரை ஆசிரியராக்க முடியாது. நூல் தன் ஆசிரியரைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றும் அந்த மனிதரின் வாழ்க்கைப் பதிவுகளில் பொருந்த வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒருவர்தான் மிஞ்சுகிறார் என்பது என் முடிவு.

நூலின் கடைசியில் ஆசிரியர் தம்மைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்கிறார். தாம் நைட், அதாவது சர் பட்டம் பெற்ற வீரர் என்கிறார். தமக்கு விடுதலை கிடைக்க வாசகர்கள் இறைவனை வேண்டும்படி கேட்கிறார். நூல் முடிந்தது நான்காம் எட்வர்ட் மன்னரின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் என்கிறார். நம் கணக்கில் 1469 மார்ச் 4 முதல் 1470 மார்ச் 3 வரை. எதிலிருந்து விடுதலை என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு இடமாக இருந்தது. நோயிலிருந்தா, பாவத்திலிருந்தா? 1934ல் வின்செஸ்டர் கல்லூரியில் வால்டர் ஓக்‌ஷாட் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். காக்ஸ்டனின் அச்சில் விடுபட்டுப்போன ஒரு குறிப்பு அதில் இருந்தது. ஒரு பகுதியின் முடிவில், இதை எழுதியவர் சிறையிலிருக்கும் ஒரு நைட் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆகவே நாம் தேடும் மனிதர் சர் பட்டம் பெற்றவர், கைதி, அந்த ஓராண்டில் உயிரோடு இருந்தவர்.

நேயர்களே, இப்போது அந்தத் தாமஸ்களைப் பார்க்கலாம். 1890களில் ஹார்வர்டு பேராசிரியர் கிட்ரெட்ஜ், வாரிக்‌ஷயர் மாவட்டத்து நியூபோல்ட் ரெவெல் ஊர்க்காரரைச் சுட்டினார். 1897ல் ஏ. டி. மார்ட்டின் என்பவர் பாப்வொர்த் செயின்ட் ஆக்னஸ் ஊர்த் தாமஸ் மாலரியை முன்வைத்தார். அந்தத் தாமஸ் 1469 செப்டம்பரில் உயில் எழுதி, அடுத்த மாதமே காலமாகிவிட்டவர். காலம் ஒருவாறு பொருந்தும். ஆனால் அவர் சர் பட்டம் பெற்றதற்கோ சிறையில் இருந்ததற்கோ பதிவு இல்லை. 1966ல் வில்லியம் மாத்யூஸ் யார்க்‌ஷயரின் ஹட்டன் கோனியர்ஸ் குடும்பத்துத் தாமஸைக் கொண்டுவந்தார். நூலில் வடநாட்டுப் பேச்சு தெரிகிறது என்பது அவருடைய முக்கிய வாதம். அவருக்கும் பட்டம் இருந்ததாக ஆவணம் எதுவும் சொல்லவில்லை. பி. ஜே. சி. ஃபீல்ட் இந்தப் பெயர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1993ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, கிட்ரெட்ஜ் சுட்டியவரையே உறுதி செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு கல்லறைப் பதிவு. கொஞ்சம் நின்று கேளுங்கள். லண்டனில் நியூகேட் சிறைக்குப் பக்கத்தில் கிரேஃபிரையர்ஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்தது. தங்கள் கோயிலில் யார் யார் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று அந்தத் துறவிகள் எழுதி வைத்த பட்டியலில் சர் தாமஸ் மாலரியின் பெயர் வருகிறது. வீரமிக்க நைட், வாரிக்‌ஷயரில் மங்க்ஸ் கர்பி பங்கைச் சேர்ந்தவர், இறந்த நாள் 1470 மார்ச் 14 என்கிறது அந்தப் பதிவு. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ல்தான் பிறக்கும். ஆகவே நமக்கு அது 1471. நியூபோல்ட் ரெவெல் அந்த மங்க்ஸ் கர்பி பங்குக்குள் இருக்கும் ஊர்! ஊரில் சொத்துள்ள ஒருவர் இறந்தபின் அரசு நடத்திய நிலவிசாரணையிலும் அவருடைய மரணம் பதிவாகியிருக்கிறது. லண்டன் துறவிகளும் அரசு அதிகாரிகளும் கலந்து பேசி எழுதியவை அல்ல இவை. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு கைகள், வேறு வேறு நோக்கத்தோடு எழுதியது ஒரே மனிதரில் வந்து சேர்கிறது. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. நூல் முடிந்த காலத்தை ஒட்டிய பதிவுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. 1468லும் 1470லும் மன்னர் பொதுமன்னிப்பு அளித்தபோது, மன்னிப்பு கிடையாது என்று விலக்கப்பட்டவர்களில் தாமஸ் மாலரியும் ஒருவர். 1469 ஏப்ரலில் நியூகேட் சிறையில் சாகக் கிடந்த ஒருவரின் வாக்குமூலத்தின்போது உடனிருந்தவர்களில் சர் தாமஸ் மாலரி இருந்தார் என்று காட்டும் ஆவணத்தை 2000ல் ஆன் சட்டன் வெளியிட்டார்.

இதற்கு எழும் பெரிய மறுப்பு ஆவணத்தைப் பற்றியதல்ல, மனிதரைப் பற்றியது. நியூபோல்ட் ரெவெல்காரர் 1445ல் வாரிக்‌ஷயரின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்தவர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அவர்மீது குவிந்த குற்றச்சாட்டுகள் படிக்கவே கசப்பானவை. பக்கிங்காம் பிரபுவைக் கொல்ல ஆட்களோடு காட்டில் பதுங்கியிருந்தது, ஆடுமாடு கவர்ந்தது, கூம் மடத்தை உடைத்துக் கொள்ளையிட்டது, ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது. பிடித்து அடைத்த இடத்திலிருந்து அகழியை நீந்தித் தப்பியதாகவும் பதிவு இருக்கிறது. பெண்களைக் காப்பேன் என்று வீரர்கள் உறுதிமொழி எடுக்கும் நூலை இவரா எழுதினார் என்று பலர் மனம் ஒப்பாமல் கேட்டார்கள். 1451ல் நனீட்டனில் இந்தக் குற்றச்சாட்டுகளை விசாரித்தவர்களில் அதே பக்கிங்காம் பிரபுவும் உட்கார்ந்திருந்தார் என்பது உண்மை. வழக்கு தீர்ப்புவரை போகவும் இல்லை. அதனால் அவர் நிரபராதி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் துயரத்தை ஒரு நூலின் பெருமைக்காகத் துடைத்தெறிய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒருவர் நல்லவரா என்பதும் அவர் எழுதினாரா என்பதும் தனித்தனிக் கேள்விகள். நமக்குப் பிடித்த குணமுள்ள ஆசிரியர் வேண்டும் என்று தேடப் புறப்பட்டால், ஆவணங்கள் எதற்கு?

வயதை வைத்தும் மறுத்தார்கள். ஒரு பழைய வரலாற்றுநூல், 1414 அளவிலேயே கலே கோட்டைப் பணிக்கு ஒரு தாமஸ் மாலரி ஒப்பந்தமானதாகச் சொல்கிறது. அப்படியானால் நூலை முடிக்கும்போது எழுபதைத் தாண்டியிருப்பாரே என்றார் மாத்யூஸ். ஃபீல்டின் பதில், அந்தக் கலே வீரர் வேறொரு தாமஸ் என்பது. நம்மவரின் பெயர் முதலில் 1439ல் வருகிறது, 1441க்குள் பட்டம் பெறுகிறார். ஆகவே 1470ல் ஐம்பதைக் கடந்த வயது. பெயர் ஒன்றானதால் வந்த குழப்பம் பதிவுகளாலேயே தீர்கிறது. வடநாட்டு மொழிச் சாயலைப் பொறுத்தவரை, மாலரி கையாண்ட மூலநூல்களில் ஒன்று வடநாட்டுச் சொற்கள் நிறைந்த மோனைக் கவிதை. படி எடுத்தவர்களின் பேச்சும் பிரதியில் கலந்திருக்கும். ஔவையார் ஒருவரா பலரா என்று நாம் பாடல்களின் மொழிநடையைக் கொண்டு பேசுகிறோம். வேறு சான்று குறைவான இடத்தில் அது தவிர்க்க முடியாதது. மாலரிக்கோ தேதியிட்ட ஏடுகள் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு நடையை மட்டும் நம்புவது சரியல்ல.

கடைசியாக ஒரு நியாயமான ஐயம். எத்தனையோ ஏடுகள் அழிந்திருக்குமே, பதிவில் ஏறாத இன்னொரு சர் தாமஸ் மாலரி இருந்திருக்கக் கூடாதா? சாதாரண உழவர் என்றால் இருந்திருக்கலாம். நைட் அப்படி மறையக்கூடியவர் அல்லர். வரி, போர்ச்சேவை, நிலப்பத்திரம், சாட்சிக் கையொப்பம், தேர்தல் என்று அரசு அவரைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தலைமுறையில் சர் தாமஸ் மாலரி என்று பதிவுகள் காட்டுவது ஒருவரைத்தான். நாளை ஏதாவது ஒரு காப்பகத்தில் இரண்டாவது சர் தாமஸ் அகப்பட்டால், அவரையும் அதே மூன்று நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். 2000ல் வந்ததைப் போல இன்னொரு ஏடு நம் காலத்திலேயே வெளிவரும் என்று மனதார எதிர்பார்க்கிறேன்.