கண்ணால் கண்டதையும் விசாரியுங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணமல்ல. நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற செல்போன். புராணத்தை எப்படி விசாரித்தோமோ அப்படியே இதையும் விசாரிக்காவிட்டால், ஒரு மூடநம்பிக்கையை விட்டு இன்னொன்றில் விழுந்தவர்களாவோம் என்பதே நான் சொல்ல வருவது.

2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில் ஒரு மூதாட்டியார் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். உடனே பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து ஜனங்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் வாட்சப்பில் ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றிற்று. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். பார்த்தவர்களெல்லாம் பக்கத்து ஊரில் நடந்ததென்றே நம்பினார்கள். உண்மை என்ன? அது கராச்சியில், குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்ல எடுத்த விளம்பரப் படம். முழுப் படத்தில் அந்த இருவரே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். எவனோ ஒரு அயோக்கியன் அந்த முடிவை வெட்டிவிட்டு அனுப்பினான். அவனைவிட, விசாரிக்காமல் மேலே அனுப்பிய லட்சம் பேருக்குப் பொறுப்பு குறைவென்று நான் சொல்லமாட்டேன்.

"தீபாவளி இரவில் ஆகாயத்திலிருந்து இந்தியா" என்று வருஷந்தோறும் ஒரு கலர் படம் வருகிறதே, அதன் யோக்கியதையும் இதுதான். 1992-லிருந்து 2003 வரை இந்தியாவில் மின்விளக்கு எப்படிப் பெருகிற்று என்று காட்ட அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் வெவ்வேறு காலத்துக்கு வெவ்வேறு வர்ணமாகத் தயாரித்த படம் அது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு படத்தை இன்டர்நெட்டில் போட்டுத் தேடினால், அது முன்பு எங்கெங்கே வந்ததென்று தெரிந்துவிடும். இதற்குக் காலணா செலவுமில்லை, பிரம்மஞானமும் வேண்டியதில்லை.

ஆனால், வருவதெல்லாம் பொய் என்று தள்ளிவிடுவதும் பகுத்தறிவாகாது. ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் தேசத்துச் சங்கதியைக் கேளுங்கள். 2018 ஜூலையில், ராணுவ உடையணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்லும் வீடியோ ஒன்று வெளிவந்தது. சர்க்கார் மந்திரி அதைப் பொய்ச் செய்தி என்று சொல்லிவிட்டார். பி.பி.சி.யின் ஆப்பிரிக்கப் பிரிவினர் வேறு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, யாரும் பார்க்கக்கூடிய படங்களைக் கொண்டே மூன்று கேள்விகளை விசாரித்தார்கள்.

எங்கே? வீடியோவில் தெரிந்த மலைமுகட்டின் வடிவத்தைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். வடகோடியில் ஜெலவெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது பொருந்திற்று. வீடும் மரமும் பாதையும்கூடப் பொருந்தின.

எப்போது? அங்குள்ள கட்டிடங்கள் எந்தத் தேதிப் படத்தில் இருக்கின்றன, எதில் இல்லை என்று பார்த்ததில், 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் நடுவே என்று தெரிந்தது. ஒரு ஒற்றையடிப் பாதை கோடையில் மட்டுமே தென்படுவது. கடைசியாக, நடந்து போகிறவர்களின் நிழலை அளந்து சூரியன் நின்ற நிலையைக் கணக்கிட்டு, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று முடிவுகட்டினார்கள். நம் ஜோசியன் சூரியனைக் காட்டிக் காசு பறிக்கிறான். இவர்களோ அதே சூரியனைக் கொலைக்குச் சாட்சியாக நிறுத்தினார்கள்!

யார்? கையிலிருந்த துப்பாக்கியில் ஒன்று செர்பியா தேசத்தில் செய்தது. அந்தப் பக்கத்தில் அபூர்வம். கேமரூன் ராணுவத்தின் சில படைகளில் உண்டு. எங்கள் சிப்பாய்கள் அங்கே இந்த மாதிரி உடுப்பு அணிவதில்லை என்றது சர்க்கார். அணிகிறார்கள் என்று சிப்பாய்களே பேஸ்புக்கில் போட்டிருந்த படங்கள் காட்டிக்கொடுத்தன.

பொய் என்ற சர்க்காரே ஆகஸ்டில் ஏழு பேரைக் கைது செய்ததாக ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. 2020-ல் ராணுவ கோர்ட்டு நால்வருக்குப் பத்து வருஷமும் ஒருவருக்கு இரண்டு வருஷமும் தண்டனை விதித்து, இருவரை விடுதலை செய்தது. நான்கு உயிருக்கு இது போதுமா என்பது வேறு கேள்வி. அதிகாரத்திலிருப்பவன் வாயால் மறைத்ததை மலையும் நிழலும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர்மாறான காரியமும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் பாஸ்டன் ஓட்டப்பந்தயத்தில் குண்டு வெடித்தபோது, இன்டர்நெட்டில் ஒரு கும்பல் படங்களை ஒப்பிட்டு, காணாமற்போயிருந்த ஒரு மாணவன்தான் குற்றவாளி என்று கூவிற்று. அவன் நிரபராதி, சில நாளில் பிணமாகக் கிடைத்தான். குண்டு வைத்தவர்கள் வேறு. மகனைத் தேடிக்கொண்டிருந்த பெற்றோருக்கு எப்பேர்ப்பட்ட கொடுமை! ஆகவே, இடத்தையும் காலத்தையும் விசாரிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ருஜுவில்லாமல் ஒரு மனிதன் பெயரைச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தோழர்களே! ஒருவன் சொன்னதை நூறு பேர் அனுப்பினால் நூறு சாட்சியாகிவிடாது. முக்கியமாக ஒன்று: நம் எதிரியை இழிவுபடுத்தும் படம் வந்தால் நமக்குச் சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷந்தான் நம்மை ஏமாற்றுகிறவனுக்கு மூலதனம். நமக்கு ஒத்ததை விசாரிக்காமல் நம்பினால், வைதிகனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? எங்கே, எப்போது, யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அனுப்பாதீர்கள். நான் இப்போது சொன்னவற்றையும் அப்படியே விசாரித்து, சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.