கேளிக்கைப் பூங்காவும் அதனை நடத்துந் தொழிலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டில் நம் சங்கத்தைச் சார்ந்த மளிகை வணிகர் ஒருவர் தம் புதல்வனுடன் எம் இல்லத்திற்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அப்பிள்ளை, கேளிக்கைப் பூங்காக்களை நிருவகிக்குந் தொழிலில் விருப்பங்கொண்டு, விருந்தோம்பல் மேலாண்மைப் பட்டப் படிப்பிற் சேர்வதற்குச் சங்கக் கல்வி நிதியிலிருந்து கடன் வேண்டி விண்ணப்பம் எழுதியிருந்தான். யாம் அதனை முழுதும் படியாமலே, "இராட்டினம் சுற்றுவதற்கும் ஒரு படிப்பா?" என்று நகைத்தோம். நிதிக்குழுவிலும் அவ்வாறே உரைத்தோம். விண்ணப்பம் தள்ளுண்டது. பிள்ளை வாயிற்படியில் நின்று, "ஐயா, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் கூறிச் சென்றான். அச்சொல் எம்மை உறுத்திக்கொண்டே இருந்தமையின் பார்க்கத் தலைப்பட்டோம். கண்டவற்றை இன்று நும்முன் வைக்கின்றோம்.

இத்தொழிலுக்கு வழிகாட்டியாய் நிற்பது அமெரிக்காவிலுள்ள டிஸ்னிலாண்டு. வால்ட் டிஸ்னி என்பார் சித்திரப் படங்களாற் பெயர் பெற்றவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் தம் பெண்மக்கள் குதிரை இராட்டினத்தில் ஏறிக் களிக்கையில், தமக்குப் பலகையில் அமர்ந்து பார்த்திருத்தலன்றி வேறொன்றும் இல்லையே என எண்ணினார். பெற்றோரும் மக்களும் ஒருங்கே களிக்குமிடம் வேண்டுமென்ற அவ்வெண்ணமே, அனாஹைம் என்னும் ஊரில் ஆரஞ்சுத் தோட்டமாயிருந்த 160 ஏக்கர் நிலத்திற் பூங்காவாக முளைத்தது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் டாலர். அத்துணைப் பொருள் அவர் கையில் இல்லை. ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 5 இலட்சம் டாலர் முதலிட்டு, 45 இலட்சம் வரையிற் கடனுக்குப் பிணையும் நின்றது. கைம்மாறாக ஏறத்தாழ மூன்றிலொரு பங்கும், வாரந்தோறும் டிஸ்னி அளிக்கும் நிகழ்ச்சியும் பெற்றது. அந்நிகழ்ச்சியோ, பூங்கா திறக்குமுன்னரே அதன் பெயரை வீடுதோறுங் கொண்டு சேர்த்தது! 1960-இல் டிஸ்னி நிறுவனத்தார் 75 இலட்சம் டாலர் கொடுத்து அப்பங்கை மீட்டுக்கொண்டனர். இதன் நுட்பத்தை நம் வணிகப் பெருமக்கள் எம்மினும் நன்கறிவர்.

திறப்பு நாளாகிய 1955 ஜூலை 17 அல்லோலகல்லோலமாய் முடிந்தது. போலி அநுமதிச் சீட்டுகளோடு பெருங்கூட்டம் புகுந்தது. கடும் வெயிலிற் புதிதாய் இட்ட தார் இளகிப் பெண்டிர் காலணிகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா கழிப்பிடமா என ஒன்றையே முடிக்கும் நிலை நேர, கழிப்பிடத்தை முடித்திருந்தனர். உணவும் தீர்ந்துபோயிற்று. வந்தோர் முனகியவற்றுட் பல இராட்டினத்தைப் பற்றியன அல்ல. நீரையும் நிழலையும் வாயிலையும் பற்றியனவே. எனினும் ஏழு வாரத்துள் 10 இலட்சம் பேர் வந்து சென்றனர். குறைகளும் ஒவ்வொன்றாய்த் திருத்தப்பட்டன.

இனி, தொழிலின் உள்ளீட்டுக்கு வருவோம். இன்று விலைபோகாத அரிசியை நாளை விற்கலாம். இன்று வெறுமையாய் ஓடிய இருக்கையை நாளை விற்றல் இயலுமோ? 24 பேர் அமரும் ஊர்தி இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை புறப்படின் ஒரு மணி நேரத்தில் 720 பேர் ஏறுவர். ஏற்றி இறக்கி இடைவாரைப் பூட்டுவதில் அரை நிமிடம் தாமதிப்பின் 576 பேரே ஏறுவர். எஞ்சிய 144 பேரும் வெயிலில் நிற்பர். வேகத்தின் பொருட்டுப் பூட்டைச் சோதியாது விடுவரேல் உயிர்ச்சேதம் நேரும். விரைவும் விழிப்பும் ஒரு கையிலேயே அமையப் பழக்குதல் எளிதன்று. அப்பிள்ளையின் விண்ணப்பத்தில் இக்கணக்கு எழுதப்பட்டிருந்ததைப் பின்னர்ப் படித்து நாணினோம்.

கூட்டத்தைப் பரப்புதல் மற்றொரு கலை. தொடக்கத்தில் வாயிலில் 1 டாலரும், உள்ளே ஒவ்வொன்றிற்கும் தனிக்காசும் பெற்றனர். 1955 அக்டோபரிற் சீட்டுப் புத்தகம் வந்தது. சிறியவற்றிற்கு 'ஏ' எனத் தொடங்கிய தரவரிசையில் 1959-இல் 'ஈ' சேர்ந்தது. புத்தகத்திற் பல தரங்களும் கலந்திருந்தமையின், மக்கள் பெரியவற்றையே மொய்க்காது சிறியவற்றிற்கும் சென்றனர். 1982-இல் அம்முறை ஒழிந்து, வாயிலில் ஒரே கட்டணமாயிற்று. உள்ளே காசு வேண்டாவெனின், காத்திருக்கும் நேரமே விலையாகிவிடுமன்றோ! அதனைத் தணிக்க 1999-இல் நேரங்குறித்த இலவசச் சீட்டுக் கொணர்ந்தனர். 2021-இல் அதனை நீக்கி, வரிசையில் முந்திச் செல்லும் வசதிக்கு விலை வைத்தனர். இது வருவாயைப் பெருக்கும் வழியே. ஆயினும் பொருளுடையார் முந்திச் செல்ல, ஏனைத் தந்தையர் குழந்தையைத் தோளிற் சுமந்து நிற்றலை எம் மனம் ஒப்பவில்லை. பலகையில் அமர்ந்திருந்த அத்தந்தை எண்ணியது இதுவோ?

அங்கே வருவோரை வாடிக்கையாளர் என்னாது விருந்தினர் என்றும், ஊழியரை மேடை நடிகர் குழுவினர் என்றும் வழங்குவர். வான் பிரான்ஸ் என்பார் 1955-இலேயே ஊழியர்க்குப் பயிற்சிப் பள்ளி அமைத்தார். குப்பை கூட்டுவோனும் அதிற் பயின்றவனே; வழி கேட்போர் பெரும்பாலும் அவனையே கேட்பராதலின். ஈண்டுத் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுதல் பொறுத்தருள்க. விருந்து என்னுஞ் சொற்குத் தொன்னூலார் புதுமை என்றும் பொருள் கொண்டனர். இத்தொழிலும் அவ்விரு பொருளையும் வேண்டி நிற்கிறது. வந்தவரே மீண்டும் வருதற்கு ஆண்டுதோறும் புதியன வேண்டும். பெற்ற ஊதியத்தில் ஒரு பகுதி அதற்கே செல்லும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். அனாஹைமில் மதிலுக்கு வெளியே பிறர் கட்டிய விடுதிகளே பெரும் ஆதாயம் அடைந்தன. அதனைக் கண்ட டிஸ்னி, 1964, 1965-ஆம் ஆண்டுகளிற் புளோரிடாவில் வேறு வேறு நிறுவனப் பெயர்களில் மறைவாக ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்குவித்தார். 1966-இல் அவர் மறைந்தார். 1971 அக்டோபர் 1-இல் அங்குப் பூங்கா திறக்கப்பட்டது. அதனை அடுத்துள்ள ஒர்லாண்டோ நகரில், மத்திய புளோரிடாப் பல்கலைக் கழகத்தின் ரோசன் கல்லூரி இத்தொழிலைப் பாடமாகவே கற்பிக்கின்றது.

அப்பிள்ளை தன் தந்தையின் கடையிற் பொட்டலங் கட்டியபடி ஓராண்டு கழித்துவிட்டான். எம் நகைப்பால் நேர்ந்த கேடு அது. அவன் விண்ணப்பம் அடுத்த மாதம் நிதிக்குழுவின் முன் மீண்டும் வருகிறது. பிணை நிற்போர் கையொப்பமிடும் இடத்தில் இம்முறை எம் பெயர் இருப்பதைக் குழுவினர் காண்பார்கள்.