அபராதம் போதாது



2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையை வென்றது ஜார்ஜியா பல்கலைக்கழகம். வெற்றி ஊர்வலம் நடந்த இரவே, விடியுமுன் இரு கார்கள் பந்தயம் ஓடின. வேகம் மணிக்கு 167 கிலோமீட்டர்வரை போனதாகப் போலீஸ் சொன்னது. ஒரு காரை ஓட்டிய அணி ஊழியர் குடித்திருந்தார். அவரும் மாண்டார், உடனிருந்த 20 வயது வீரர் டெவின் வில்லாக்கும் மாண்டார். மறு காரை ஓட்டிய வீரருக்கு 1,000 டாலர் அபராதம், 12 மாதக் கண்காணிப்பு.

அதன்பிறகு, வேகமாக ஓட்டும் வீரர்களுக்கு அபராதம் போட்டார் பயிற்சியாளர். திருந்தினார்களா? 2024லும் அதே அணியினர் கைதானார்கள்.

பணம் போனால் வீரனுக்கு வலிக்காது. ஆட்டத்தில் இடம் போனால் வலிக்கும். போட்டிகளுக்குச் சீருடையும் கோப்பையும் தரும் வியாபாரிகளே, தாறுமாறாக வண்டி ஓட்டுபவனைக் களத்தில் இறக்கக்கூடாதென்று, அடுத்தமுறை நன்கொடை கேட்டு வரும்போதே சொல்லிவிடுங்கள்.