பாலூட்டும் தாயும் உடல் மெலிதலும்

(திருவரங்கத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று என்னை அழைத்த காரியதரிசி அவர்கள், எவ்விஷயத்தைப் பற்றியும் பேசலாமென்றும், ஆனால் அது குடும்பத்திற்குப் பிரயோஜனப்படுவதாக இருத்தல் வேண்டுமென்றும் கேட்டுக் கொண்டார். குடும்பத்திற்குப் பிரயோஜனமானது என்றவுடன், சென்ற வருஷம் என் இல்லத்திலேயே நிகழ்ந்த ஒரு சம்பவம் நினைவிற்கு வந்தது. அது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நம் வீடுகள் பலவற்றிலும் நடப்பதாகையால், வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுச் சொல்லத் துணிந்தேன்.

என் மருமகள் உறையூரில் தன் தாய் வீட்டில் பிரசவித்து, மூன்றாம் மாதம் குழந்தையுடன் திருவரங்கம் வந்து சேர்ந்தாள். அடுத்த வாரம் ஒரு கலியாணத்திற்குப் போயிருந்தோம். அங்கே பந்துக்கள் பலர் சூழ்ந்திருக்கையில், "பிள்ளை பெற்று வந்தவளாகவா தோன்றுகிறாள்? இன்னொன்று வயிற்றில் இருப்பது போலல்லவா இருக்கிறாள்!" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று முதல் அவள் இராப்போஜனத்தை நிறுத்திவிட்டாள். காலையில் அரை தம்ளர் கஞ்சி. மத்தியானம் ஒரு பிடி சாதம். பசியில்லை என்று அவள் சொன்னதை நானும் நம்பினேன். ஒரு மாதம் சென்றபின், ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரேழிக்கு வந்தவள் தலைசுற்றிச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து விட்டாள். குழந்தையை மட்டும் கைவிடவில்லை. வைத்தியரிடம் சென்றோம். குழந்தையின் எடை அம்மாதத்தில் ஏற வேண்டிய அளவு ஏறவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. "என்ன சாப்பிடுகிறாய் அம்மா?" என்று வைத்தியர் வினவினார். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு மாத்திரம் விளங்கிற்று.

அன்று ஆகார சாஸ்திரம் கற்ற பெண்மணி ஒருவர் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, பிரசவித்தவளின் சரீரம் பருத்திருப்பது ஏன் என்பதை அறிய வேண்டும். கர்ப்ப காலத்தில் ஏறும் எடையில் குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் ஆகியவை பிரசவத்தோடு நீங்கிவிடுகின்றன. எஞ்சுவதில் சில கிலோ கொழுப்பு உண்டு. அது சோம்பலால் வந்ததன்று. அறுவடைக்குப்பின் குதிரில் நெல் சேர்ப்பது போல, பால் சுரப்பதற்கென்று இயற்கை முன்கூட்டிச் சேர்த்து வைத்த சேமிப்பாகும். குதிரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் காலி செய்யலாம். ஒரே நாளில் இடித்துத் தள்ளலாகாது.

இரண்டாவதாக, பாலுக்கு ஆகும் செலவு யாது? உணவு தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். தாய்ப்பாலையே அருந்தும் குழந்தைக்குத் தாய் நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லி பால் தருகிறாள். அப்பாலில் மட்டும் சுமார் 500 கலோரி அடங்கியிருக்கிறது. அதை உண்டாக்குவதற்கும் சரீரம் சக்தியைச் செலவிடுகிறது. ஆகவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளில், பாலூட்டுபவள் முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாக உண்ண வேண்டுமென்று கண்டிருக்கிறது. அந்த நிறுவனம் வேறெங்கோ தோன்றியதன்று. 1918-இல் நம் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் வைத்தியர் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்திற்கு மாறிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அவர்கள் அதில் பணிபுரிந்து, ஏழைத் தாய்மார்களின் பாலைப் பற்றி ஆராய்ந்தவர். குறைவாக உண்ணும் தாயும் பெரும்பாலும் நல்ல பாலையே தருகிறாள் என்பதும், அதன் விலையைத் தன் சரீரத்திலிருந்து கொடுக்கிறாள் என்பதும் இன்று யாவரும் ஒப்புக்கொண்ட உண்மை. "பால்தான் வருகிறதே, அவளுக்கென்ன குறை?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைப்பார்களாக. உணவை மிகவும் குறைத்து நெடுநாள் நடத்தினாலோ, பாலின் அளவும் குறையக் கூடும்.

அப்படியாயின் பாலூட்டுபவள் மெலியவே கூடாதா? அங்ஙனமன்று. அமெரிக்காவில் அதிக எடையுள்ள 40 தாய்மார்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2000-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைக்கு நான்கு வாரம் ஆனபின், ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைத்து, வாரத்தில் நான்கு நாள் தேகப்பயிற்சியும் கொடுத்தார்கள். பத்து வாரத்தில் அவர்கள் சராசரி 4.8 கிலோ குறைந்தார்கள், மற்றையோர் 0.8 கிலோவே குறைந்தார்கள். இரு சாராரின் குழந்தைகளும் ஒரே விதமாக வளர்ந்தன. வாரத்திற்கு அரைக் கிலோ என்னும் நிதானத்தில் இறங்கினால் குழந்தைக்குக் கேடில்லை என்பது இதனால் விளங்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 28 வயது, 155 சென்டிமீட்டர் உயரம், 65 கிலோ எடையுள்ள ஒரு தாய். வீட்டு வேலை செய்பவள். குழந்தைக்கு நான்கு மாதம். பாலூட்டாதிருந்தால் அவளுக்குச் சுமார் 1,850 கலோரி வேண்டும். பாலுக்காக 600 கூட்டினால் 2,450. அதில் 500 கழித்தால் 1,950. இதுவே அவள் இலக்கு. எடையும் உயரமும் உழைப்பும் மாறினால் கணக்கும் மாறும். ஆயினும் 1,800-க்குக் கீழே இறங்குவதில்லை என்று வரம்பு கட்டிக்கொள்வது நன்று. என் மருமகள் அம்மாதம் உண்டது ஆயிரத்தையும் எட்டியிருக்கவில்லை.

இந்த 1,950 கலோரியை மூன்று சத்துக்களுக்கும் பங்கிட வேண்டும். முதலில் பங்கு பெற வேண்டியது புரதம். சாதாரண ஸ்திரீக்கு 46 கிராம் என்றும், பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் அதற்குமேல் 17 கிராம் என்றும் மேற்கூறிய அளவு சொல்கிறது. மெலிய முயல்பவளுக்கு 70 கிராம் வைத்துக்கொள்வது உசிதம். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும். அடுத்துக் கொழுப்பு 60 கிராம். எஞ்சியது மாவுச்சத்து, சுமார் 280 கிராம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருமாகையால், கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகும்.

மாவுச்சத்தை அறவே விலக்கும் உணவு முறைகள் இக்காலத்தில் பரவி வருகின்றன. பாலூட்டும் தாய் அவற்றைக் கைக்கொள்ளலாகாது. அங்ஙனம் செய்த தாய்மார் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்ததாக வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கிறது.

கிராமும் கலோரியும் சமையலறையில் எப்படி உருவெடுக்கும் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு: இட்லிக்கும் சாதத்திற்கும் சேர்த்து அரிசி 170 கிராம், துவரை அல்லது பாசிப்பருப்பு 75 கிராம், உளுந்து 30 கிராம், சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 40 கிராம், பாலும் தயிருமாக அரை லிட்டர், காயும் கீரையும் 400 கிராம், பழம் 150 கிராம், நிலக்கடலை 15 கிராம், நெய்யும் எண்ணெயும் எல்லாம் சேர்த்து 25 கிராம். இவை ஏறக்குறைய நம் இலக்கையே எட்டும்; புரதமும் 70 கிராமுக்குக் குறையாது. முட்டையும் மீனும் உண்ணும் குடும்பத்தார் சுண்டலிலும் பருப்பிலும் ஒரு பகுதிக்கு ஈடாக அவற்றைக் கொள்ளலாம். முருங்கைக் கீரையும், வாழைப்பூவும், வாழைத்தண்டும் காந்தி மார்க்கெட்டில் கிடையாத நாளுண்டோ? காவிரிக் கரையில் வாழ்ந்துகொண்டு காய்கறிக்குப் பஞ்சம் பாடுவது நமக்கு அழகன்று.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், சாதம் அளவோடிருக்கிறது, பருப்பு மிகுந்திருக்கிறது. நம் இல்லங்களிலோ சாதம் மலையாகவும், பருப்பு அதன் உச்சியில் பொட்டாகவும் இருப்பது வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கென்று கரண்டி கரண்டியாக நெய் வார்ப்பதும் உண்டு. நெய் பகையன்று, ஆனால் ஒரு மேஜைக் கரண்டி நெய்யில் சுமார் 130 கலோரி இருக்கிறது. மூன்று கரண்டி அதிகமாக வார்த்தால், நாம் கழிக்க நினைத்த 500-இல் பெரும் பகுதி திரும்பி வந்துவிடும்.

நம் முன்னோர் வகுத்த பத்தியத்தை நான் இகழ வரவில்லை. பூண்டுக் குழம்பும், சுண்டை வற்றலும், சுக்கும், மிளகும் எளிதில் செரிக்கக் கூடியவை. லேகியத்தையும் வைத்தியரைக் கேட்டு அளவோடு உண்ணலாம். ஆனால் பத்தியமென்ற பெயரால் தாகத்திற்குத் தண்ணீர் மறுப்பதும், கீரையும் பழமும் விலக்குவதும் தவறு. பாலில் பெரும் பகுதி நீரே. தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் பருக வேண்டும்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வூரில் ஏகாதசி உபவாசம் இல்லாத வீடு அரிது. ஆனால் குழந்தைகளையும், தள்ளாதவரையும், பிணியாளரையும் கட்டாயத்திலிருந்து விலக்கும் கருணை நம் பெரியோரிடம் இருந்தது. மடியில் ஒரு ஜீவன் பசித்துக் காத்திருக்கும் தாய்க்கும் அக்கருணை உரியதன்றோ? உபவாசத்தின் பெயரால் மெலிய நினைப்பது விரதமும் ஆகாது, வைத்தியமும் ஆகாது.

எப்போது தொடங்குவது? முதல் ஆறு வாரம் எடையைப் பற்றிய பேச்சே வேண்டாம். பால் நன்கு ஊறி, பிரசவக் காயம் ஆறியபின் வைத்தியரின் சம்மதம் பெற்றுத் தொடங்கலாம். சர்க்கரை நோய், தைராய்டு, இரத்தசோகை உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் எதையும் குறைக்கலாகாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்திற்குப்பின் ஆறு மாதம் உண்ணும்படி கொடுக்கும் இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நிறுத்தலாகாது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் நடைபெறும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறார்கள். அதைப் பெறுபவர்கள், அது தாய் உண்பதற்கென்று வந்ததேயன்றி வீட்டார் யாவரும் பங்கிடுவதற்கன்று என்பதை மறவாதிருப்பார்களாக.

தேகப்பயிற்சிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்தபின் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ அரை மணி நேரம் நடந்தால் போதும். அந்நேரம் குழந்தையை மடியில் வைத்துக் கொள்வது மாமியாரின் கடமை. குழந்தையின் எடையை மாதந்தோறும் நிறுத்து அட்டையில் குறிக்க வேண்டும். எடை ஏறாவிட்டாலும், நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், தாய்க்கு மயக்கம் வந்தாலும், குறைப்பதை உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். குழந்தையின் எடை ஏறுகிறதா என்பது முதற்கேள்வி. தாயின் எடை இறங்குகிறதா என்பது அதன் பின்னதே.

என் மருமகள் இக்கணக்கின்படி உண்டு, மாதம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வீதம் ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தாள். குழந்தையின் எடையும் அடுத்த மாதமே சீராக ஏறத் தொடங்கிற்று. ஆனால் அவள் எடை குறைந்ததைக் காட்டிலும் எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. ஒருநாள் இரவு, கேளாமலே வந்து என்னருகில் தட்டை வைத்துக்கொண்டு, "அத்தை, இன்னும் கொஞ்சம் பருப்பு விடுங்கள்" என்றாள். நான் விட்டேன்.

சகோதரிகளே! நாம் செய்யும் வினோதம் இதுதான்: முதல் மூன்று மாதம் அவளை வற்புறுத்தி ஊட்டுகிறோம், நான்காம் மாதம் அவள் உருவைப் பார்த்து நகைக்கிறோம். இரண்டுக்கும் அவளை யாரும் கேட்பதில்லை. பாலூட்டும் பெண்ணிடம் அவள் உருவத்தைப் பற்றி இனி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்றும், "சாப்பிட்டாயா?" என்று நாள்தோறும் கேட்பதென்றும், அவள் தட்டில் பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பதென்றும் நம் சங்கத்து மாமியார்களாகிய நாம் இன்று உறுதி செய்துகொள்வோமாக. இந்த உறுதியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவள் நானே, எடுத்துக்கொண்டும் விட்டேன்.