பாலுக்கு வேர்க்குது

போன வாரம் சொன்ன டேட்டாபேஸ் எபிசோட் இது இல்லை. அக்காகிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் பேசுறேன்.

அக்கா பொண்ணுக்கு அப்போ மூணு மாசம். பால் குடிக்க ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல நெத்தி முழுக்க வேர்த்துடும். விட்டுட்டு மூச்சு வாங்குவா, திரும்பக் குடிப்பா. அம்மா "சூட்டு உடம்பு"ன்னாங்க. மே மாசச் சென்னையில யாருக்குத்தான் வேர்க்கலை? நான் ஒரு டேபிள் ஃபேன் ஆர்டர் பண்ணேன். என் பங்களிப்பு அவ்வளவுதான்.

அப்புறம் நெஞ்சுச் சளி, மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் வேற டாக்டர், வேற மருந்து. ஒரே பக்குக்கு மூணு டிக்கெட் போட்டு, தனித்தனியா க்ளோஸ் பண்ண மாதிரி. எடை ஏறவே இல்லை. எட்டாவது மாசம் ஒரு டாக்டர் ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. எக்கோ எடுத்தோம். இதயத்தின் கீழறைகள் ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஓட்டை. வி.எஸ்.டி.

பிறந்தப்போ கையிலயும் கால்லயும் மாட்டி ஆக்சிஜன் பார்த்தாங்களே? நார்மல்தான் வந்தது. அந்த டெஸ்ட் ஆக்சிஜன் குறையும் வகைகளைத்தான் பிடிக்கும். இவளுக்குக் குறையவே இல்லை. பிறந்த புதுசுல நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம். அதனால ஓட்டை வழியா ரத்தம் பெருசா பாயாது, சத்தமும் சரியா கேட்காது. சில வாரங்கள்ல அழுத்தம் இறங்கினதும் ரத்தம் நுரையீரலுக்குள்ள கொட்ட ஆரம்பிக்கும். இதயம் ரெண்டு மடங்கு உழைக்கும். கைக்குழந்தைக்குப் பால் குடிக்கிறதே மாடிப்படி ஏறுற மாதிரிதான்.

1000 குழந்தைகள் பிறந்தா 8, 9 பேருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கும். எல்லாமே பெருசு இல்லை.

வார்டுல பக்கத்துக் கட்டில் பையனுக்கு 11 வயசு. அதே ஓட்டை. ஆனா வருஷக்கணக்கா அடி வாங்கி நுரையீரல் குழாய்கள் இறுகிப்போச்சு. ரத்தம் எதிர்த்திசையில ஓடுது, நகமெல்லாம் நீலம். இனி ஓட்டையை மூடுறதுதான் ஆபத்து. அவங்க அம்மா அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "உங்க பாப்பாவுக்கு எப்போ தெரிஞ்சுது?" எட்டு மாசம்னு சொல்ல அக்காவுக்கு வாய் வரலை. "லேட்டாதான் அக்கா"ன்னா.

ஆபரேஷன் முடிஞ்சு, எங்க பாப்பாவுக்கு இப்போ நாலு வயசு.

உங்க வீட்டுக் குழந்தை பால் குடிக்கும்போது இப்படி வேர்த்தா, டாக்டர்கிட்ட "பாலுக்கு வேர்க்குது"ன்னு அப்படியே சொல்லுங்க. நாங்க மூணு டாக்டர்கிட்டயும் சளியை மட்டும்தான் சொன்னோம்.